வடிவமைப்புக் கல்வியும் சிந்தனை முதிர்ச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



பல்கலைக் கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வந்தால், அவர்களைப் பிடித்து மேடையில் ஏற்றிவிடுவது நமது சங்கத்தின் பழைய வழக்கம். வைத்தியம் படிப்பவர்கள் வந்தால் நோயைப் பற்றிப் பேசுவார்கள். சட்டம் படிப்பவர்கள் வந்தால் காணி வழக்கைப் பற்றியாவது நாலு வார்த்தை சொல்லுவார்கள். வடிவமைப்புப் படிக்கும் எம்மைப் பார்த்து, "பிள்ளையள், உது என்ன படிப்பு? படம் கீறுறதுக்கும் பல்கலைக் கழகமோ?" என்று கோயில் வீதியிலே ஒரு பெரியவர் கேட்டார். அன்றைக்கு நின்ற நிலையில் அவருக்கு மறுமொழி சொல்ல எம்மால் முடியவில்லை. இன்றைய பேச்சையே அதற்கு மறுமொழியாக வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

வடிவமைப்பு மாணவனுடைய சிந்தனை பல்கலைக் கழக ஆண்டுகளில் எவ்வாறு முதிர்கிறது என்பதே எமக்குத் தரப்பட்ட பொருள். முடிவிலே இந்தச் சங்கத்தோடு நேராகத் தொடர்புடைய ஒரு விஷயத்தைச் சபை முன் வைத்து மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுகிறோம். பின்னர் எவரும் திடுக்கிட வேண்டாம்.

முதலில், வடிவமைப்பு என்றால் என்ன? 1958ஆம் ஆண்டிலே, இந்திய அரசாங்கத்தின் அழைப்பின் பேரில், அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் கணவன் மனைவியர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அந்த நாட்டில் தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்தது எதுவென்று அவர்கள் சொன்னார்கள் தெரியுமா? தாஜ்மகால் அன்று, மதுரைக் கோபுரமும் அன்று. நாம் அன்றாடம் கையில் எடுக்கும் செம்பு!

ஒருவன் புதிதாக உட்கார்ந்து ஒரு செம்பை வடிவமைக்க வேண்டுமானால் எத்தனை கேள்விகளுக்கு விடை காண வேண்டும் என்று அவர்கள் அடுக்கிக் காட்டுகிறார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும்? எடுப்பது ஆணின் கையா, பெண்ணின் கையா? தலையில் வைப்பதா, இடுப்பில் அணைப்பதா? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாய் இருக்கும்போதும் நிலை தளம்பாதிருக்குமா? ஊற்றும்போது சிந்தாதா? கழுவ இலகுவா? விலை என்ன? உடைந்தபின் அந்த உலோகம் எதற்கு உதவும்? தட்டினால் எப்படி ஒலிக்கும்? இத்தனைக்கும் விடையாக நிற்கிற செம்பை எந்தத் தனி மனிதனும் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டுத் திருந்தி வந்த வடிவம் அது. இந்த அறிக்கையை அடியொற்றியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

ஆகவே, அன்பர்களே, வடிவமைப்பு என்பது படம் கீறுவதன்று. கேள்வி கேட்பது, பிறகு, அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒருங்கே விடையாக நிற்கக்கூடிய ஒரு பொருளைக் காண்பது. கீறல் அதற்கு ஒரு கருவி மாத்திரமே.

இக்கல்வி நமது நாட்டில் வேரூன்றிய வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1960இல் கனடா நாட்டின் உதவியோடு மொறட்டுவையை அடுத்த கட்டுபெத்தையில் செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று தொடங்கப்பெற்றது. 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று; 1972இல் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் கட்டுபெத்தை வளாகமாயிற்று; 1978இல் மொறட்டுவைப் பல்கலைக் கழகம் எனத் தனித்து நின்றது. கட்டிடக்கலைப் பீடம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. மொறட்டுவை தச்சுவேலைக்குப் பெயர்போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டிலும் அலுமாரியும் செய்யும் பட்டறைகள் நிறைந்த ஊரின் பக்கத்திலேயே இப்படிப்பு அமைந்தது பொருத்தமானதே. நம் பக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகமும் மருதனார்மடத்திலே சித்திரமும் வடிவமைப்பும் கற்பிக்கிறது. உயர்தரப் பரீட்சைப் புள்ளிகள் மட்டும் கட்டிடக்கலைக்கு வாசலைத் திறந்துவிடுவதில்லை. உளச்சார்புப் பரீட்சை என்று இன்னொன்றும் உண்டு. கண் எதைக் கவனிக்கிறது, மனம் எதைக் கற்பனை செய்கிறது என்று அதில் பார்ப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். நாம் யாழ்ப்பாணத்திலே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மணி அடித்தால் வரிசை. வரிசையில் நின்றால் மௌனம். கேள்வி கேட்டால் ஒரே விடை. அந்த ஒழுங்கைக் குறை கூற நாம் வரவில்லை. நேரந்தவறாமையையும், சுத்தமாக எழுதுவதையும், ஆங்கிலத்தில் தலைநிமிர்ந்து பேசுவதையும் அங்கேதான் கற்றோம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் எங்கேயோ ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சரியான விடை அச்சிடப்பட்டிருக்கிறது என்னும் எண்ணமும் எம்மோடு கட்டுபெத்தைக்குப் பஸ் ஏறி வந்துவிட்டது.

அமெரிக்காவிலே ஹார்வார்ட் பல்கலைக் கழகத்தில் வில்லியம் பெரி என்னும் அறிஞர், மாணவர்களோடு ஆண்டுதோறும் உரையாடி, அவர்களுடைய சிந்தனை மாறும் விதத்தை ஆராய்ந்து 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். புதிதாக வரும் மாணவன் உலகத்தைச் சரி, பிழை என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறான். சரியானதை ஆசிரியர் அறிவார், தன் வேலை அதை வாங்கிக்கொள்வது என்று நினைக்கிறான். சில காலம் சென்றபின், ஆசிரியர்களே ஒருவரோடொருவர் மாறுபடுவதைக் கண்டு, "அப்படியானால் எவருடைய கருத்தும் எவருடைய கருத்துக்கும் குறைந்ததன்று" என்று மறுகரைக்குப் போய்விடுகிறான். அதற்கும் அப்பால் சென்றால்தான், கருத்துகளைக் காரணத்தால் நிறுக்க வேண்டும், இடத்தையும் சூழலையும் பொறுத்தே ஒன்று சிறக்கும் என்று அறிகிறான். கடைசியில், எல்லாம் தெரிந்துகொண்டே ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்குத் தானே பொறுப்பேற்கிறான். பெரி இதை ஒன்பது படிகளாக விரிக்கிறார். நாம் இந்த நான்கோடு நிறுத்திக்கொள்கிறோம். எம்முடைய அனுபவமும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் நடந்தது.

முதலாம் ஆண்டு. ஐரோப்பாவிலே 1919இல் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் என்னும் கலைக்கூடத்தில், புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு ஒரு முன்னோடி வகுப்பு வைத்தார்கள். கடதாசி, மரம், கம்பி, துணி ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்து, கையாலும் கண்ணாலும் புதிதாகக் கற்கச் செய்வது அதன் நோக்கம். 1933இல் நாஜிகளின் நெருக்குதலால் அந்தக் கூடம் மூடப்பட்டது; ஆயினும் அந்த முறை உலகமெங்கும் பரவிவிட்டது. நாமும் மாதக் கணக்காகக் கடதாசியை மடித்தோம், நிழலை வரைந்தோம், ஈர்க்கால் பாலம் கட்டினோம். இதற்கோ இரவு பகலாகப் படித்து உயர்தரப் பரீட்சை எழுதினோம் என்று மனம் சலித்தது.

பிறகு வந்தது விமர்சன நாள். மாணவன் தன் படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு, அவற்றின் முன் நின்று, ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த சிற்பிகளும் கேட்கும் கேள்விகளுக்கு எல்லோர் முன்னிலையிலும் மறுமொழி சொல்ல வேண்டும். எமது முதலாவது வேலை ஒரு சிறிய வாசிகசாலை. வடக்குப் பக்கம் முழுவதும் சாளரம் வைத்திருந்தோம். "ஏன் வடக்கு?" என்று கேட்டார்கள். "வடக்குச் சாளரத்தில் வெயில் விழாது" என்று மிகுந்த உறுதியோடு சொன்னோம். "எங்கே விழாது?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு எம்மிடம் விடை இல்லை.

பெரியோர்களே, நாம் அதை ஓர் இங்கிலாந்துப் புத்தகத்தில் படித்திருந்தோம். அங்கே மத்தியானச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேதான் நிற்கும். வேலணையோ பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகையும் இல்லாத இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலே சூரியன் நம் தலைக்கு நேரே வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியான வெயில் நமக்கு வடக்கிலிருந்தே விழுகிறது. இது முற்றத்தில் நெல்லுக் காயப்போடும் எந்த ஆச்சிக்கும் தெரியும். புத்தகம் படித்த எமக்குத் தெரியவில்லை! புத்தகத்தில் பிழை இல்லை. அது தன் ஊருக்குச் சரியாகவே சொன்னது. நமது ஊர் வேறு என்பதை நினையாதது எமது பிழை. விடை எந்த இடத்துக்குரியது என்று கேட்கத் தொடங்கிய நாளே எமது கல்வி தொடங்கிய நாள்.

இரண்டாம் ஆண்டிலே மறுகரைக்குப் போனோம். சரியான விடை ஒன்று இல்லையென்றால், மனத்துக்குப் பிடித்ததெல்லாம் சரிதானே! சஞ்சிகைகளைப் புரட்டினோம், கைத்தொலைபேசியிலே துபாயையும் சிங்கப்பூரையும் பார்த்தோம், வளைவும் கண்ணாடியுமாக வரைந்து குவித்தோம். எவராவது குறை சொன்னால், "அது உங்கள் கருத்து; இது எங்கள் கருத்து" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இளைஞர் பலருடைய சிந்தனை இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. இப்போது கணினியிடம் நாலு சொல் சொன்னால் ஒரு நிமிடத்தில் ஒன்பது மாளிகைகளை வரைந்து தருகிறது. ஒன்பதில் எது நல்லது, யாருக்கு நல்லது, ஏன் என்று கேட்கும் புத்தி இல்லாதவனுக்கு ஒன்பதும் ஒன்றுதான்.

இங்கே ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். பிரையன் லோசன் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், கட்டிடக்கலையில் கடைசி ஆண்டு மாணவர்களையும் விஞ்ஞானம் படிக்கும் மேல்வகுப்பு மாணவர்களையும் அழைத்து, சில நிறக்கட்டைகளைக் கொடுத்தார். வெளி ஓரத்தில் குறித்த நிறம் இயன்றவரை கூடுதலாகத் தெரியும்படி அவற்றை அடுக்க வேண்டும். ஆனால் எந்தக் கட்டையோடு எது சேரலாம் என்பதற்கு ஒரு மறைவான விதி இருந்தது. விஞ்ஞான மாணவர்கள் கட்டைகளைப் பலவாறு சேர்த்துப் பார்த்து முதலில் அந்த விதியைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். கட்டிடக்கலை மாணவர்களோ நல்லதெனத் தோன்றிய ஓர் அடுக்கை நேரே செய்து காட்டினார்கள். அது ஏற்கப்படாவிட்டால் அதற்கு அடுத்ததைச் செய்தார்கள். செய்து செய்தே விதியை அறிந்தார்கள். பின்னர் இதே பரிசோதனையைப் பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்தவர்களிடமும் முதலாம் ஆண்டு மாணவர்களிடமும் செய்தபோது, அந்த வேறுபாடு தெளிவாகத் தென்படவில்லை. ஆகவே அது பிறவிக்குணமன்று. படிப்பினால் வந்த பழக்கம் என்று கொள்ள இடமுண்டு. 'அவனுக்குக் கைராசி உண்டு, இவனுக்கு இல்லை' என்று பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இப்பழக்கத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. முதலில் தோன்றியதை இறுகப் பிடித்துக்கொண்டு அதையே காப்பாற்ற நினைத்தால் கெட்டோம். டொனால்ட் ஷோன் என்னும் அமெரிக்க அறிஞர் 1983இல் எழுதிய நூலிலே, வடிவமைப்பவன் தன் வேலையோடு ஓர் உரையாடல் நடத்துகிறான் என்று விளக்குகிறார். அவன் ஒரு கோடு இடுகிறான். அந்தக் கோடு அவனுக்கு ஏதோ மறுமொழி சொல்கிறது. 'இங்கே சுவர் வைத்தால் அங்கே காற்று நின்றுபோகிறதே' என்கிறது. அதைக் கேட்டு அடுத்த கோட்டை இடுகிறான். கேட்கத் தெரிந்தவனுடைய கோடு திருந்தும்.

மூன்றாம் ஆண்டிலேதான் எமக்கு இந்தக் கேட்கும் புத்தி கொஞ்சம் வந்தது. பழைய வீடு ஒன்றை அளந்து வரைந்து வருக என்று வேலை தந்தார்கள். நாம் பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊருக்கு வந்தோம். 1990ஆம் ஆண்டில் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று. அந்நாளில் கைவிடப்பட்டு, பற்றைக்குள் மறைந்து கிடந்த நாற்சார் வீடு ஒன்றை உரியவர்களிடம் அனுமதி பெற்று அளந்தோம். கூரை போய்விட்டது, சுவரும் தூணும் நின்றன. வழி காட்டுவதற்கு முதிய மேசன் அப்பு ஒருவர் கூட வந்தார்.

நாம் அளவுநாடாவோடு நின்றோம். அவர் வெறுங்கையோடு நின்றார். நாலு மணித்தியாலத்தில் அவரிடம் கற்றதை இரண்டு வருடத்திலும் கற்றோமில்லை. நடு முற்றம் ஏன் திறந்திருக்கிறது? சூடான காற்று மேலே போக. மழை உள்ளே இறங்க. தெற்குச் சுவரில் பலகணி ஏன்? சோளகம் நுழைய. வடக்கில் தாழ்வாரம் ஏன் தாழ்ந்து இறங்குகிறது? மாரியில் வாடையோடு வரும் தூவானம் உள்ளே அடியாதிருக்க. சுவர் ஏன் இவ்வளவு தடிப்பு? பகல் வெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது பட்டுவிடும். சாந்துக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர்? "உவர்த் தண்ணி விட்டுக் குழைச்சா, பிள்ளையள், கம்பி கறள் பிடிச்சுக் கொங்கிறீற்றை வெடிக்கப் பண்ணும். குடிக்கக் கூடாத தண்ணி, கட்டவும் கூடாது" என்றார். உப்பு இரும்பை அரிக்கும் விதத்தை நாம் புத்தகத்திலும் படித்திருந்தோம். எமது ஊர்க் கிணறுகள் பல உவர் என்பதையும் அறிந்திருந்தோம். இரண்டையும் சேர்த்து நினைத்ததில்லை.

வாசலில் ஒரு சங்கடப்படலை பாதி சரிந்து நின்றது. படலைக்கு மேலே ஒரு சிறு கூரை. இரு பக்கமும் இருந்து இளைப்பாறத் திண்ணை. தாகத்துக்குத் தண்ணீர் வைக்க ஓர் இடம். தெருவால் போகிற முன்பின் அறியாதவனுக்கு, அவன் யாரென்று கேளாமலே, நிழலும் நீரும் கொடுத்த வாசல் அது. அதை வரைந்து கொண்டிருந்தபோது ஈம்ஸ் தம்பதியரின் செம்பு எமக்கு நினைவில் வந்தது. யார் வருவார், எந்த வேளையில் வருவார், வீட்டார் உள்ளே வேலையாக இருந்தால் வந்தவர் எங்கே காத்திருப்பார், மழை பெய்தால் என்ன செய்வார் என்ற கேள்விகளுக்கெல்லாம் பெயர் தெரியாத பலர் சேர்ந்து கண்ட விடையல்லவா அது! செம்பைத் தேடி அகமதாபாத் போக வேண்டியதில்லை; வேலணையிலும் அது வாசலிலேயே நிற்கிறது.

ஆனால் இவ்விடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. பழையதெல்லாம் நல்லது, புதியதெல்லாம் கெட்டது என்று சொல்வதும் முதலாம் ஆண்டு மாணவனின் சரி, பிழைப் புத்திதான்; திசை மாத்திரம் மாறியிருக்கிறது. பழைய நாற்சார் வீட்டிலே குசினி இருட்டும் புகையுமாக இருந்தது. பெண்களுக்கு அதிலே எத்தனை ஆண்டு கண் எரிந்தது என்பதை மேசன் அப்பு சொல்லவில்லை, அம்மம்மா சொன்னார். இருவரையும் கேட்க வேண்டும்.

நமது நாட்டிலே இதற்கு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். கண்டியிலே பிறந்த மினெற் டி சில்வா அம்மையார், 1948இல் பிரித்தானிய அரச கட்டிடக்கலை நிறுவனத்தில் இணை உறுப்பினராக ஏற்கப்பட்ட முதலாவது ஆசியப் பெண்மணி. 1950களில் கண்டி வட்டப்புளுவையில் அரசாங்க ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் ஒன்றை வரைந்தபோது, அங்கே குடியேறப் போகிறவர்களிடமே அவர்கள் வாழும் முறையைக் கேட்டறிந்து வரைந்தார். ஜெஃப்ரி பாவாவோ முதலில் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தவர், பின்னர் சட்டத்தரணியானவர். 1948இல் பெந்தோட்டைப் பக்கத்தில் ஒரு றப்பர்த் தோட்டத்தை வாங்கி, அதைத் தம் மனம்போலத் திருத்த முயன்று, தமக்கு வேண்டிய அறிவு போதாதென்று கண்டு, இலண்டனுக்குப் படிக்கப் போனார். கட்டிடக்கலைஞராகத் தேறியபோது ஆண்டு 1957, வயது 38! 1960களின் தொடக்கத்தில் கொழும்பிலே அவர் கட்டிய ஒரு வீட்டின் நடுவே முற்றம் மறுபடி வந்தது; பழைய மரத்தூணும் ஓடும் புதிய வாழ்க்கைக்கு ஏற்ப அமர்ந்தன. கோட்டைப் பாராளுமன்றக் கட்டிடமும் (1982) அவருடையதே. பெற்றோர்களே, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் புத்தி முதிரவில்லையே என்று கவலைப்படும்போது அந்த 38ஐ நினைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்களே, நாம் எல்லாம் அறிந்துவிட்டோம் என்று நினைக்கும்போது நாமும் அதையே நினைத்துக்கொள்வோம்.

இப்போது நாம் நான்காம் ஆண்டில் நிற்கிறோம். பெரி சொன்ன கடைசிப் படி, தெரிந்தெடுத்துப் பொறுப்பேற்பது. அதை மேடையில் பேசிவிட்டுச் செய்யாமல் இருப்பது அழகன்று. ஆகவே தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறோம்.

இந்த மண்டபத்தின் மேற்குச் சுவரைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு படம் தொங்குகிறது. சங்கத்தின் புதிய கட்டிடம். மூன்று ஆண்டுகளுக்கு முன், முதலாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்த எம்மிடம், "எங்கடை பிள்ளையளே கீறித் தரட்டும்" என்று பெரியவர்கள் அன்போடு கேட்டார்கள். நாமும் பெருமையோடு கீறினோம். தெருவைப் பார்த்த மேற்கு முகம் முழுவதும் கண்ணாடி. மேலே தட்டைக் கொங்கிறீற்றுக் கூரை. விறாந்தை இல்லை. கார் நுழைவதற்காக வாசலில் இருக்கும் பழைய சங்கடப்படலையை அகற்றுவதென்றும் அதில் குறித்திருக்கிறது. படத்தைப் பார்த்துக் கனடாவிலும் இலண்டனிலும் உள்ள நம்மவர்கள் பணம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். வரும் தை மாதம் அத்திவாரக் கல் என்று அறிகிறோம்.

அந்தப் படத்தை அன்றைக்கே மேசன் அப்பு பார்த்தார். "உதிலை கண்ணாடி வைச்சா, பின்னேரத்திலை உள்ளுக்கை ஆர் இருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாம் சிரித்தோம். படிக்காதவர் கேட்கிறார் என்று நினைத்தோம். இந்தச் சபையில் அதற்காக வெட்கப்படுகிறோம்.

இந்த மண்டபத்திலே எந்த வேளையில் ஆட்கள் கூடுகிறார்கள்? பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகளின் பாட வகுப்பு. ஐந்து மணிக்குத் திருமுறை வகுப்பு. அப்போது வெயில் எங்கே? நேரே மேற்கில், அந்தக் கண்ணாடிக்கு முன்னால். குளிரூட்டி வைக்கலாம் என்பீர்கள். மாதந்தோறும் மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது? கூரையைப் பாருங்கள். 2,000 சதுர அடி பரப்புள்ள சாய்ந்த கூரை ஒன்றில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 4,700 லீற்றர் தண்ணீர் இறங்கும். அதில் ஒரு பங்கு வீணானாலும், பீலி வைத்துத் தொட்டியில் சேர்த்தால், நல்ல தண்ணீருக்கு எப்போதும் தவிக்கும் இந்தத் தீவிலே அது எவ்வளவு பெரிய சொத்து! எமது படத்திலோ அந்தத் தண்ணீர் ஒரு குழாயால் தெருவுக்குப் போகிறது. சங்கடப்படலையைப் பற்றிச் சொல்லவே நாக் கூசுகிறது. சமூக சேவையைக் குறிக்கோளாகக் கொண்ட ஒரு சங்கம், வழிப்போக்கனுக்கு நிழல் கொடுக்கும் வாசலை இடித்து, காருக்கு வழிவிடுவதா?

ஆகவே அந்தப் படத்தை மீளப் பெற்றுக்கொள்ள அனுமதிக்குமாறு சபையை மன்றாடிக் கேட்கிறோம். பணம் தந்தவர்களுக்கு நாமே கடிதம் எழுதி, பிழை எம்முடையது என்று அறிவிப்போம். தை மாதம் தவறினால் வைகாசி இருக்கிறது. கொங்கிறீற்று இறுகியபின் திருத்த முடியாது. புதிய படம் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்பீர்கள். கொண்டுவரவில்லை. வேண்டுமென்றே கொண்டுவரவில்லை. மேற்கே ஆழ்ந்த விறாந்தை, சாய்ந்த ஓட்டுக்கூரை, தண்ணீர்த் தொட்டி, வாகனத்துக்குப் பக்கத்தால் வேறு வழி என்று எம் மனத்தில் சில எண்ணங்கள் உண்டு. ஆனால் அவற்றை வரைவதற்கு முன், இந்த மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாவிடமும், நாலு மணி வகுப்புப் பிள்ளைகளிடமும், படியேற முடியாத முதியவர்களிடமும், மேசன் அப்புவிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் எமது குறிப்புப் புத்தகத்தில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. திருவள்ளுவர் தெரிந்து செயல்வகைக்குத் தனி அதிகாரம் ஒன்றையே வகுத்திருக்கிறார். நமது முன்னோர் அறியாத புதுமை ஒன்றை நாம் கேட்டுவிடவில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் இப்படிப்புக்கு வர விரும்புபவர் இருப்பின், படம் அழகாகக் கீற வரவில்லையே என்று அஞ்ச வேண்டாம். கவனிக்க வருமா, கேட்க வருமா, பிழையைச் சொன்னால் பொறுக்க வருமா என்று உங்களை நீங்களே பரீட்சித்துப் பாருங்கள். பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதலாம் ஆண்டுப் பிள்ளை கீறியதைச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள், அன்போடு பக்கத்தில் இருத்தி, "ஏன்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல்கலைக் கழகத்தில் பாதி.

கோயில் வீதியிலே கேட்ட பெரியவருக்கு இப்போது மறுமொழி சொல்கிறோம். ஐயா, படம் கீறுவதற்குப் பல்கலைக் கழகம் தேவையில்லை. கீறிய படம் பிழையென்று கண்டு, அதைக் கழற்றுங்கள் என்று ஊரார் முன் வந்து சொல்வதற்கு எமக்கு மூன்று ஆண்டு தேவைப்பட்டது.